பத்து மணிக்குப் பிறகு வெறும் வயிறு

பத்து மணிக்குப் பிறகு
தண்ணி மட்டும் எண்டு எழுதியிருக்கு.
ஒன்பதரைக்கு ரெண்டு இடியப்பம், சொதி.
மூண்டாவதை அபிசனா தன்ர கோப்பைக்கு இழுத்தாள்:
"காணும். ரத்தத்தில சீனி ஏறிடும்."
பதினொரு வயசு.
எனக்கு அவள்தான் டொக்டர்.

மல்லாவிச் சந்தியில முதல் பஸ் நாலே முக்காலுக்கு.
வவுனியா ஆசுபத்திரியில ஏழுக்குள்ள நம்பர் எடுக்க வேணும்.
ரத்தம், சலம், நெஞ்சுப் படம், ஈசிஜி.
எல்லாத்துக்கும் கையெழுத்து விழுந்தால்
கொழும்பில திகதி தருவினம்.

நகத்துக்குள்ள கிறீஸ்.
மத்தியானம் வரை ஒரு லான்ட்மாஸ்டரின்ர கியர்ப்பெட்டி
கையை விடேல்லை.
மண்ணெண்ணெயில ஊறவிட்டு
பழைய பிரஸ்சால தேய்க்கிறன்.
விரலில கிளிப் ஒண்டு பூட்டுவினமாம்,
அழுக்கு இருந்தால் அதுக்குக் கண் தெரியாதாம்.

எந்தச் சேட்டு?
முன்னால பொத்தான் வைச்சது.
ஆறு வருசமாய் இறுக்கிக் கட்டின துணியைப்
படம் எடுக்கிற அறையில அவிழ்க்கச் சொல்லுவினம்.
அதைத்தான் ஒத்திகை பாக்கிறன்.
மூச்சை இழு. பிடி. அசையாதை.
கண்ணாடிக்கு முதுகைக் காட்டியபடி
ஒருக்கா, இன்னொருக்கா,
வேற ஆரின்ரயோ உடுப்பைக் கொடியில இருந்து
எடுக்கிற மாதிரி.

படிவத்தை அவள் நிரப்புறாள். என்ர எழுத்து
கோழி கிளறினதாம்.

"பெயர்?"
சுகந்தன்.
போன மாசம்தான் அடையாள அட்டை வந்தது.
சுகந்தினியில கிடந்த 'இனி'யை மட்டும் கழட்டி
வெளியில வைச்சிருக்கிறன்.
அது தேவைப்படும்.

"தற்போது பாவிக்கும் மருந்துகள்?"
மூண்டு கிழமைக்கு ஒருக்கா, தொடையில ஊசி.
"புகைத்தல்?"
அவள் என்னைப் பாத்தாள். நான் கூரையைப் பாத்தன்.
'முந்தி' எண்டு எழுதினாள்.

"முன்னர் சத்திரசிகிச்சை செய்யப்பட்டதா?"
ஓம். ரெண்டாயிரத்தொன்பது, பங்குனி.
"எந்த ஆசுபத்திரி?"
பள்ளிக்கூடம்.
"மாமா, ஆசுபத்திரி கேக்கினம்."
பள்ளிக்கூடம் எண்டே எழுது.
வாங்கிலதான் கிடத்தினவை.
"மயக்க மருந்து ஒத்துக்கொண்டதா, இல்லையா?"
தரேல்லை.
அதுக்கு அங்க பெட்டி இல்லை.
ரெண்டு பெட்டிக்கும் நடுவில ஒரு கோடு இழுத்தாள்.

"உடம்பில் உலோகம்?"
இடது காறை எலும்புக்குக் கீழ,
புளியங்கொட்டை அளவில ஒண்டு.
அது வரேக்க எனக்கும் பதினொண்டு, நெஞ்சு தட்டை.
பிறகு அதைச் சுத்தித்தான் மற்றது வளந்தது.
கேக்காமல் வந்த ரெண்டு பேரும்
ஒரே அறையில குடியிருக்கினம்.
மழைக்கு முதல்நாள் ஒண்டு குத்தும்,
மற்றது எந்த நாளும்.
ஒரே வெட்டில ரெண்டையும் எடுக்கலாம்
எண்டு சொன்னார் சத்திரசிகிச்சை டொக்டர்.
துண்டைப் போத்தலில போட்டுத் தருவீங்களோ
எண்டு கேக்க வாயெடுத்தன், கேக்கேல்லை.
வைச்சு என்ன செய்யிறது.
இல்லை, கேக்கத்தான் வேணும்.

"கூட வருபவர், உறவுமுறை?"
அக்கா கதவடியில நிண்டவ.
எட்டு மாசமாய் இதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை.
"சகோதரி எண்டு போடு" எண்டா மகளிட்ட,
போனை எடுத்து அலாரத்தை
மூண்டரையில இருந்து மூண்டுக்கு மாத்தினா.

கையொப்பம் எண்ட இடத்தில
நான் எழுதினன்.
போனமுறை ஒருத்தரும் கேக்கேல்லை.

"சின்னம்மாவாய் இருந்திருந்தால் தப்பியிருப்பீங்கள்"
எண்டாள் அபிசனா, பேனையை மூடிக்கொண்டு.
"மாமா எண்டால் என்ர சடங்குக்குத்
தேங்காய் உடைக்கவேணும். காப்பும் போடவேணும்."
எத்தினை பவுன்?
"ரெண்டு."
கராச்சில கேட்டுச் சொல்லுறன், படு.

பத்தடிக்க ஒரு செம்பு தண்ணி குடிச்சன்.
லைட்டுக்குக் கிட்ட கையைப் பிடிச்சுப் பாத்தால்
சின்னி விரலில இன்னும் கறுப்பு.
பறவாயில்லை,
கிளிப் பூட்டுறது மற்ற விரலிலயாம்.